எட்டாவது மாடிச் சுவரில் சிக்கிய கூண்டு: ஏணி வண்டி வடிவமைப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2009 ஜனவரி 25. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள கில்கோர் நகரத் தீயணைப்புத் துறை அப்போதுதான் புதிதாக ஓர் ஏணி வண்டி வாங்கியிருந்தது. 95 அடி நீளும் ஏணி, அதன் முனையில் ஆட்கள் நின்று வேலை செய்யும் கூண்டு. வண்டியைக் கையாளப் பழகுவதற்காக உள்ளூர்க் கல்லூரி ஒன்றின் எட்டு மாடி விடுதிக்கு அதைக் கொண்டுபோனார்கள். நான்கு வீரர்கள் கூண்டில் ஏறி மொட்டை மாடி மட்டம் வரை உயர்ந்தார்கள். அங்கே கான்கிரீட் கைப்பிடிச் சுவரில் கூண்டு மாட்டிக்கொண்டது. விடுவிக்க முயன்றுகொண்டிருந்தபோது சுவரின் மேல் விளிம்பு உடைந்தது. அதுவரை இழுபட்டு நின்ற ஏணி கட்டடத்தைவிட்டுப் பின்னால் பாய்ந்து, முன்னும் பின்னுமாகக் கடுமையாக ஆடியது. இரண்டு வீரர்கள் கூண்டிலிருந்து வீசப்பட்டு, சுமார் 83 அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார்கள். மற்ற இருவரும் விழப்போய், எப்படியோ பிடித்துத் தொங்கி, ஆட்டம் அடங்கும்வரை தாக்குப்பிடித்தார்கள்.

அன்று அங்கே தீ இல்லை, புகை இல்லை, அவசரமும் இல்லை. ஏணி முறியவில்லை. வண்டி கவிழவில்லை. வடிவமைப்பாளர் மாதக்கணக்கில் கவலைப்படும் இரண்டு விஷயங்களிலும், அதாவது வலிமையிலும் நிலைப்பிலும், வண்டி தாங்கி நின்றது. அப்படியும் இரண்டு உயிர் போனது. தீயணைப்பு வண்டி செய்கிறவர்கள் இந்த நிகழ்வைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆய்வு கண்டது என்ன

அமெரிக்காவில் பணியின்போது தீயணைப்பு வீரர் இறந்தால் நயாஷ் எனப்படும் தேசியப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் விசாரிப்பதுண்டு. 1998இல் இதற்கென்றே தனித் திட்டம் தொடங்கப்பட்டது. யார் மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலை இல்லை. இன்னொரு முறை நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி. கில்கோர் விபத்துக்குப் பங்களித்தவையாக அந்த விசாரணை சொன்னவை இவை: புதிய வண்டியின் இயக்கும் கருவிகளில் வீரர்களுக்குப் பழக்கம் இல்லை, பழகுவதற்கு முன்பே ஆபத்து மிகுந்த சூழலில் பயிற்சி நடந்தது, விழாமல் தடுக்கும் பெல்ட்டும் கயிறும் பயன்படுத்தப்படவில்லை, கூண்டின் கம்பித் தடுப்பும் அதோடு இணைந்த கதவுகளும் வடிவமைக்கப்பட்ட விதம், கூண்டின் அடியில் இருந்த தூக்கு வளையங்கள் சுவரில் மாட்டிக்கொள்ள வழிசெய்த இடத்தில் இருந்தது.

முதல் மூன்றும் துறையைச் சேர்ந்தவை. கடைசி இரண்டும் தொழிற்சாலையைச் சேர்ந்தவை. பேச்சு எப்போதும் முதல் மூன்றோடு நின்றுவிடுகிறது. பெல்ட் போட்டிருந்தால் அந்த இருவரும் பிழைத்திருப்பார்கள் என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் பெல்ட் என்பது மற்ற எல்லாம் தவறிய பிறகு கைகொடுக்க வேண்டியது. கூண்டு சுவரில் மாட்டவே இல்லை என்றால் அந்தப் பெல்ட்டுக்கு அன்று வேலையே வந்திருக்காது. அதனால் இந்த ஆய்வில் வளையத்திலிருந்து தொடங்குகிறேன்.

அடிப்பக்கம்

தூக்கு வளையம் என்பது கொக்கியோ கயிறோ மாட்டுவதற்காகப் பற்றவைத்த அல்லது போல்ட் போட்ட தடித்த இரும்புக் கண். உயரத்தில் நிற்கும் ஏணி முனையைக் கயிற்று மீட்புக்குப் பிடிமானமாகப் பயன்படுத்த இப்படிப்பட்ட வளையங்கள் உதவும். தொங்கும் எடை நேர்க்கீழாக இருக்க வேண்டும் என்பதால் கூண்டின் அடியில் அதை வைப்பது விசைக் கணக்கின்படி சரிதான். படத்தில் பார்த்தாலும் உறுத்தாது. வரைபடத்தில் கூண்டு வெட்டவெளியில் தனியாகத்தான் மிதக்கும். பக்கத்தில் சுவர் ஒன்றை வரைவதற்கு அங்கே யாருக்கும் தேவை வராது.

ஆனால் கூண்டின் தொழிலே சுவருக்குப் பக்கத்தில்தான். மொட்டை மாடிக்கு ஆளை இறக்க வேண்டுமானால் கூண்டின் தளம் கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்புக்குக் கிட்டத்தட்ட ஒட்டி வந்து நிற்க வேண்டும். அந்த நிலையில் தளத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவானாலும், அது வளையமோ விளக்குச் சட்டமோ தண்ணீர்க் குழாயின் வளைவோ, சுவரின் மேல் விளிம்பைத் தாண்டி உட்பக்கம் சற்றே இறங்கினால் கொக்கியாகிவிடும். உள்ளே போகும்போது தெரியாது. பின்வாங்கும்போதுதான் பிடிக்கும்.

பிடித்திருப்பதும் கண்ணில் படாது. கூண்டில் நிற்பவருக்குக் கூண்டின் தளமே மறைக்கிறது. காலுக்குக் கீழே அரை அடியில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்க்க அவர் கம்பிக்கு வெளியே குனிந்து எட்டிப்பார்க்க வேண்டும். எந்தப் பயிற்சியாளரும் அதை அனுமதிக்க மாட்டார். கீழே டர்ன்டேபிளில், அதாவது ஏணியின் அடியைத் தாங்கிச் சுழலும் மேடையில், நிற்கும் இயக்குநருக்கோ 80 அடி உயரத்தில் கூண்டின் அடிப்பக்கம் தெரியும், ஆனால் சுவரின் உட்பக்கம் தெரியாது. வண்டியை இயக்கும் இரண்டு இடங்களிலிருந்தும் தெரியாத ஓர் இடத்தில் நீட்டும் உறுப்பு வைப்பது, அந்த இடத்தில் நடப்பதை அதிர்ஷ்டத்திடம் விடுவதாகும்.

இதற்கு மாற்று செய்வது பெரிய வித்தை இல்லை. வளையத்தைத் தளத்துக்குள் குழியாக உள்வாங்கி அமைக்கலாம். செருகு ஆணி போட்டுக் கழற்றி மாட்டும் வகையாக வைத்து, கயிற்று வேலைக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். கூண்டை விட்டுவிட்டு ஏணியின் முனைப் பகுதிக்கே அதை நகர்த்தலாம். கூண்டின் அடியை ஒரே வழுவழுப்பான தகடாக மூடி, முன் விளிம்பையும் பின் விளிம்பையும் படகின் மூக்குப் போலச் சரித்துவிட்டால், சுவரில் உரசினாலும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். தகட்டின் எடை கூடும் என்பார்கள். கூடும்தான். 95 அடித் தூரத்தில் ஒவ்வொரு கிலோவும் டர்ன்டேபிளில் பெரிய திருப்புவிசையாக வந்து இறங்கும் என்பதும் உண்மை. அதற்காக அலுமினியத் தகடு, சிறிய பரப்பு என்று பேரம் பேசலாமே தவிர, அடிப்பக்கத்தைத் திறந்த சட்டமாகவே விட்டுவிட அது காரணமாகாது.

சேர்ந்துகொண்ட விசை

மாட்டிக்கொண்ட பிறகு நடந்ததுதான் உயிரைக் குடித்தது. அதைப் புரிந்துகொள்ள ஏணியை ஒரு நீண்ட தூண்டில் கம்பாக நினைத்துக்கொள்ள வேண்டும். முனை எங்கோ சிக்கி, அடியிலிருந்து இழுத்தால் கம்பு வளையும். வளைவு முழுவதும் சேமித்து வைத்த ஆற்றல். சிக்கல் திடீரென விட்டால் அந்த ஆற்றல் முழுக்க முனையின் வேகமாக மாறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கில்கோர் வண்டியுடையவை அல்ல. அளவு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. முனையை 1 மீட்டர் நகர்த்த 11,000 நியூட்டன் விசை தேவைப்படும் ஏணி என்று வைத்துக்கொள்வோம். கூண்டு, ஆட்கள், ஏணியின் முனைப் பகுதி எல்லாம் சேர்ந்து ஆட்டத்தில் பங்குகொள்ளும் நிறை 1,000 கிலோ. சிக்கிய கூண்டை விடுவிக்க முயலும்போது முனை அரை மீட்டர் வளைந்துவிட்டது. இழுவிசை 5,500 நியூட்டன். சேமித்த ஆற்றல் ஏறத்தாழ 1,400 ஜூல். விட்டவுடன் முனை 2 நொடிக்கும் சற்றுக் குறைவான காலத்தில் ஒரு முழு ஆட்டம் போடும். ஆட்டத்தின் ஒவ்வொரு கோடியிலும் முடுக்கம் புவியீர்ப்பின் பாதிக்கும் மேல் இருக்கும். நிற்கிற மனிதனைக் கால் மாற்றி வைக்கச் செய்ய அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். வளைவு 90 சென்டிமீட்டரானால், ஆட்டம் மேலும் கீழுமாக இருக்கும் பட்சத்தில், கால் தளத்தைவிட்டே எழும்பிவிடும்.

வண்டியின் சுமைத்திறன் இந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை. அமெரிக்கத் தீயணைப்பு வண்டித் தரமான என்.எஃப்.பி.ஏ. 1901, கூண்டு உள்ள ஏணிக்குத் தண்ணீர் ஏற்றாத நிலையில் குறைந்தது 750 பவுண்டு, அதாவது சுமார் 340 கிலோ சுமைத்திறன் கேட்டது. எஃகு போன்ற உலோகப் பாகங்களில் சுமையால் வரும் தகைவு (உள் இறுக்கம்), அந்த உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவில் பாதியைத் தாண்டக் கூடாது என்றது. சமதளத்தில் ஒன்றரை மடங்குச் சுமையோடும், 5 டிகிரிச் சரிவில் 1.33 மடங்குச் சுமையோடும் வண்டி கவிழாமல் நிற்க வேண்டும் என்றது. நல்ல விதிகள், பல உயிர்களைக் காத்த விதிகள். ஆனால் இவை எல்லாமே சுமை கீழ்நோக்கி, அமைதியாக, நகராமல் தொங்கும் நிலையைத்தான் பார்க்கின்றன. கட்டடம் கூண்டைப் பிடித்து இழுக்கும், பிறகு திடீரென விட்டுவிடும் என்ற நிலைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. இன்னும் சொல்லப்போனால், இரு மடங்கு வலிமையோடு செய்த ஏணி முறியாமல் அதிகம் வளைந்து கொடுக்கும். அதிகம் வளைந்தால் அதிகம் சேமிக்கும்.

கையில் தெரியாத இழுப்பு

சிக்கியதைக் கை உணர்ந்திருந்தால் இயக்குநர் நிறுத்தியிருப்பார். ஹைட்ராலிக் ஏணியின் ஜாய்ஸ்டிக்கில் அந்த உணர்வு வராது. நெம்பை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு வேகம் கேட்கிறோம். எதிரே என்ன எதிர்ப்பு இருக்கிறது என்பதை நெம்பு திருப்பிச் சொல்லாது. கூண்டு நகரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளத்தான் தோன்றும். முழு ஏணியையும் தூக்கும் அளவுக்குச் சிலிண்டரில் விசை இருக்கிறது. ஒரு சுவர் விளிம்பு அதற்கு முன்னால் பெரிய எதிர்ப்பே இல்லை.

ஐரோப்பாவில் புழங்கும் பல டர்ன்டேபிள் ஏணிகளில் கூண்டின் விளிம்பு எதிலாவது முட்டினால் இயக்கத்தை நிறுத்தும் உணரிகள் உண்டு. உதவும்; ஆனால் அவை முட்டுவதற்கானவை. கொக்கி போலப் பின்பக்கமாகப் பிடித்தால் விளிம்பில் உள்ள உணரிக்குத் தெரியாமலே போகலாம். என் கருத்தில் இதைவிடப் பயன்படுவது, ஏணியைத் தூக்கும் சிலிண்டரின் அழுத்தத்தைக் கவனிப்பது. பல வண்டிகளில் சுமை அளவைக் காட்டுவதற்காக அந்த உணரி ஏற்கெனவே இருக்கிறது. ஏணியின் கோணமும் நீளமும் தெரிந்தால், கூண்டில் நான்கு பேர் இருக்கும்போது அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதும் தெரியும். கூண்டு மாட்டிய நிலையில் உயர்த்தினால் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட ஏறும். சுவரில் உட்கார்ந்துவிட்டால் இறங்கும். இரண்டையும் எச்சரிக்கை மணியாக மாற்ற மென்பொருளில் சில வரிகள் போதும். பக்கவாட்டில் இழுபடுவதை இது பிடிக்காது. அதற்கு டர்ன்டேபிள் மோட்டாரின் அழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தடுப்புக் கம்பியும் கதவும்

கூண்டின் கம்பித் தடுப்பு 42 அங்குல உயரம் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். ஏறத்தாழ 1.07 மீட்டர். சராசரி உயரமுள்ள ஆணின் உடல் நிறை மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டரில் இருக்கிறது. கனத்த பூட்ஸ் போட்டால் ஆளே சற்று உயர்கிறார். முதுகில் மூச்சுக்கருவி மாட்டினால் நிறை மையமும் மேலே, பின்னால் நகர்கிறது. ஆக, முழு உடுப்பில் நிற்கும் வீரரின் நிறை மையம் கம்பியின் மேல் விளிம்புக்கு மிகப் பக்கத்திலேயே இருக்கிறது. சாய்கிற ஆளைக் கம்பி தாங்கும். கால் எழும்பிய ஆளுக்கு அதே கம்பி இடுப்பில் பட்டுப் புரட்டிவிடும் அச்சாகிவிடும்.

கதவு இன்னும் சிக்கலானது. கூண்டுக்குள் ஆள் ஏற வேண்டும், மயங்கியவரை இழுத்து ஏற்ற வேண்டும், ஸ்ட்ரெச்சர் நுழைய வேண்டும். அதனால் தடுப்பின் ஒரு பகுதியே கதவாகிறது. கதவான இடத்தில் தடுப்பின் தொடர்ச்சி அறுபடுகிறது. மேல் கம்பியின் விறைப்பு கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் கைமாறுகிறது. தாழ்ப்பாள் தானாக விழ வேண்டும், உள்ளிருந்து தள்ளினால் திறக்கக் கூடாது, கையுறை போட்ட கையால் திறக்கவும் முடிய வேண்டும். இந்த மூன்றையும் ஒருசேர நிறைவேற்றும் தாழ்ப்பாள் செய்வது கூண்டிலேயே கடினமான வேலை என்பேன். அதைப் பரிசோதிக்கும்போது ஓர் எடையை மெதுவாக மாட்டிப் பார்த்தால் போதாது. மனித எடையுள்ள மணல் மூட்டையைக் கதவின் மேல் வீசி எறிந்து பார்க்க வேண்டும். கூண்டையே ஆட்டியபடி அதைச் செய்ய வேண்டும்.

பெல்ட் மாட்டும் புள்ளிகளும் இங்கேயே சேரும். அவை எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டியிருந்தால் ஆட்கள் மாட்ட மாட்டார்கள். நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு புள்ளி, இடுப்பு உயரத்துக்குக் கீழே, கண்ணைப் பறிக்கும் நிறத்தில், கதவை ஒட்டாமல் இருக்க வேண்டும். கயிறு குட்டையாக இருக்க வேண்டும். விழுந்த பிறகு பிடிப்பதைவிடக் கம்பியைத் தாண்டவே விடாமல் இழுத்துப் பிடிப்பதுதான் அங்கே தேவை. கயிறுகளைக் கூண்டிலேயே நிரந்தரமாகத் தொங்கவிடுவது நல்லது. பெட்டிக்குள் மடித்து வைத்த பெல்ட் பெட்டிக்குள்ளேயே இருந்துவிடும்.

போலிச் சுவர்

வண்டியைத் தயாரித்து முடித்ததும் தொழிற்சாலை முற்றத்தில் பல சோதனை நடக்கும். ஊன்றுகால்களை விரித்து நிலைப்புப் பார்ப்பார்கள், எடை தொங்கவிடுவார்கள், பற்றவைத்த இடங்களைச் சிதைக்காமல் சோதிப்பார்கள், தண்ணீர் பாய்ச்சிப் பார்ப்பார்கள். இவற்றோடு நான் சேர்க்கச் சொல்வது ஒரு போலிக் கைப்பிடிச் சுவர். எஃகுச் சட்டத்தில் கான்கிரீட் விளிம்பு வைத்து, தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில் நிறுத்தினால் போதும். உயரத்தையும் தடிமனையும் மாற்றிக்கொள்ள வசதி இருக்கட்டும். சில விளிம்புகள் வெளியே துருத்தியவையாகவும் இருக்கட்டும். ஆளில்லாத கூண்டைக் கீழ் இயக்கியால் அதன் மேல் கொண்டுபோய், உள்ளே இறக்கி, எல்லாத் திசையிலும் வெளியே இழுக்க வேண்டும். எங்கே பிடிக்கிறதோ அந்த இடத்தைத் திருத்தும்வரை வண்டி வெளியே போகக் கூடாது. ஒரு நாள் வேலை.

அதற்கு முன்பே, கணினியில் கூண்டின் மாதிரியை வரையும்போது சுவரின் மாதிரியையும் அதே கோப்பில் வைக்கலாம். நடு மவுண்ட் வண்டிகளில் இது இன்னும் அவசியம். அவற்றில் டர்ன்டேபிள் வண்டியின் நடுவில் இருக்கும். பயணத்தின்போது கூண்டு வாலில் படுத்திருக்கும். வண்டியின் உயரம் குறையும், தாழ்ந்த வாசல்களில் நுழையலாம் என்பதுதான் அந்த அமைப்பின் பெரிய லாபம். அப்படிப் படுத்திருக்கும் கூண்டின் அடிப்பக்கத்தை வடிவமைப்பாளர் தரையோடும் சரிவுப் பாதையோடும் வைத்து அளப்பார். பின் முனை தரையில் இடிக்காமலிருக்க 8 டிகிரி விலகுகோணம் கேட்கும் விதி இருக்கிறது. தரைக்குக் காட்டும் அக்கறையைக் கட்டடத்துக்கும் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

ஒப்படைக்கும் வாரம்

பழக்கமில்லாத வண்டியை எட்டு மாடிக்குக் கொண்டுபோனது துறையின் முடிவு. ஆனாலும் ஒப்படைக்கும்போது நடக்கும் பயிற்சியை வடிவமைப்பதில் தயாரிப்பாளருக்கும் பங்கு இருக்கிறது. முதலில் திறந்த மைதானம், ஆளில்லாத கூண்டு. அப்புறம் தாழ்ந்த உயரத்தில் இரண்டு பேர், பெல்ட்டோடு. அதன் பிறகு அதே போலிச் சுவர். அதை மடக்கி லாரியில் கொண்டுவரும்படி செய்தால் வாங்குகிற துறையின் முற்றத்திலேயே நிறுத்தலாம். உண்மையான கட்டடம் கடைசியில்தான்.

கையேட்டில் ஒரு பக்கம் தனியாக வேண்டும்: கூண்டு மாட்டிக்கொண்டால் என்ன செய்வது. எல்லா இயக்கத்தையும் நிறுத்து. எல்லோரும் பெல்ட் மாட்டியிருக்கிறார்களா என்று பார். எந்தத் திசையிலும் பலம் போட்டு இழுக்காதே. கடைசியாகச் செய்த அசைவை மிக மெதுவாகத் திருப்பி, வளைவைத் தளர்த்து. வளைவு தளர்ந்த பிறகு, பாதுகாப்பாக முடியுமென்றால் ஆட்களை மொட்டை மாடிக்கு இறக்கிவிட்டு, மீதியைக் கீழே நிற்பவர் ஆளில்லாத கூண்டோடு பார்க்கட்டும். இந்த ஐந்தாறு வரிகளைக் கூண்டின் இயக்குப் பலகையிலேயே, மூச்சுக்கருவியின் முகமூடி வழியாகப் படிக்கும் அளவு பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும்.

வண்டி வாங்கும் துறைகள் ஒப்பந்தக் குறிப்பில் ஏணியின் நீளம், பம்பின் திறன், தொட்டியின் கொள்ளளவு என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அதில் இன்னும் இரண்டு வரி சேர்க்கலாம்: கூண்டின் தள மட்டத்துக்குக் கீழே நிலையாக நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு எதுவும் இருக்கக் கூடாது, ஒப்படைக்கும் முன் கைப்பிடிச் சுவர்ச் சோதனை வாங்குபவர் முன்னிலையில் நடக்க வேண்டும்.